விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு, மறுபடி போடலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை கேள்விப் பெட்டியைத் திறந்தா பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். ஒரு தடவை ரிஜெக்ட் ஆச்சு, இனிமே அவ்ளோதானா, மறுபடி போட்டா மதிப்பாங்களா, பழசை சொல்லணுமா இல்ல அமுக்கிடலாமா. அதனால வருமான வரி, வீட்டு லோன் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இந்த முறை விசிட்டர் விசா மட்டும். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

கேள்வி: சார், என் பொண்ணு கனடாவுல பிராம்ப்டன்ல இருக்கா. போன வருஷம் அவளுக்குப் பிரசவம். அதுக்காக நானும் வீட்டுக்காரரும் விசிட்டர் விசா போட்டோம், ஆறு மாசம் தங்கறதா எழுதியிருந்தோம். ஒரு கன்சல்டன்சிக்காரர்தான் எல்லாம் பண்ணிக் குடுத்தாரு. ரெண்டு பேருக்கும் ரிஜெக்ட். "நீங்க திரும்பிப் போவீங்கன்னு திருப்தி இல்ல"ன்னு போட்டு, காரணமா சொத்து, பண நிலைமை போதாது, கனடாவுல குடும்ப உறவு இருக்குன்னு எழுதியிருக்காங்க. பொண்ணு அங்க இருக்கறதே குத்தமா? வீட்டுக்காரருக்குப் பென்ஷன் வருது, சொந்த வீடு, ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கு, பையன் இங்கதான் தஞ்சாவூர்ல குடும்பத்தோட இருக்கான். பேரனுக்கு எட்டு மாசம் ஆச்சு, இன்னும் போன்லதான் கொஞ்சிட்டு இருக்கேன். பொண்ணுக்கு இப்ப பிஆர், அதான் அங்கயே நிரந்தரமாத் தங்கற உரிமை, வந்துடுச்சு. எத்தனை மாசம் கழிச்சு மறுபடி போடணும்?
கும்பகோணம் வாசகி

பதில்: கழிக்கவே வேண்டாம்மா, கனடாவுல அப்படி ஒரு காத்திருப்புக் காலமே கிடையாது. நாளைக்கே போடலாம். ஆனா நாளைக்கே போட்டீங்கன்னா போன தடவை அனுப்பின அதே பேப்பர்தான் உங்க கையில இருக்கும், அதே பேப்பருக்கு அதே பதில்தான் வரும். அதனால முதல் வேலை, போன தடவை உங்க ஃபைலைப் பாத்த ஆபீசர் உள்ள என்ன எழுதி வச்சாருன்னு தெரிஞ்சுக்கறது.

உங்களுக்கு வந்த லெட்டர்ல இருக்கற வாசகம் எல்லாருக்கும் ஒரே அச்சுல வர்றது. அவங்க குடியேற்ற விதிகள்ல 179(பி)னு ஒரு பிரிவு, வந்தவர் தங்கற காலம் முடிஞ்சதும் நாட்டை விட்டுக் கிளம்பிடுவார்னு ஆபீசருக்கு நம்பிக்கை வரணும்கறது அது, அதைத்தான் காட்டியிருப்பாங்க. அதை வச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாது. உண்மையான காரணம் ஆபீசர் கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்ச நாலு வரிக் குறிப்புல இருக்கும். 2025 ஜூலை கடைசியிலேர்ந்து இந்தக் குறிப்பை ரிஜெக்ட் லெட்டரோடயே சேர்த்து அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க, அதனால உங்க அக்கவுன்ட்ல லெட்டருக்குக் கூட இன்னொரு பக்கம் வந்திருக்கான்னு முதல்ல பாருங்க. கன்சல்டன்சிக்காரர் அவரோட அக்கவுன்ட்ல போட்டிருந்தா அவர்கிட்ட கேட்டு வாங்குங்க, "அதெல்லாம் ஒண்ணும் வரல"ன்னு சொன்னா விடாதீங்க. நிஜமாவே வரலன்னா பொண்ணு அங்கிருந்து தகவல் கேட்டு மனு போடலாம், அதுக்கு 5 டாலர்தான் கட்டணம், நீங்க ரெண்டு பேரும் சம்மதக் கையெழுத்து போட்ட ஃபார்ம் மட்டும் அவளுக்கு அனுப்பணும். அந்த 5 டாலர் மனு போடற உரிமை கனடாவுல இருக்கறவங்களுக்கும் அந்த நாட்டு சிட்டிசன், பிஆர் ஆட்களுக்கும் மட்டும்தான், ஆனா அவங்க பிரைவசி சட்டப்படி உங்களைப் பத்தின பதிவை இந்தியாவுலேர்ந்து நீங்களே கேக்கவும் வழி இருக்கு.

பண நிலைமை போதாதுன்னா உங்ககிட்ட பணமே இல்லன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. நீங்க காட்டின பேப்பர்லேர்ந்து அவருக்கு அது தெரியலங்கறதுதான் விஷயம். விசா போடறதுக்குப் பத்து நாள் முன்னாடி மகன் அக்கவுன்ட்லேர்ந்து எட்டு லட்சம் வந்து விழுந்திருக்கும், பேலன்ஸ் கொழுத்து இருக்குன்னு கன்சல்டன்சிக்காரர் சந்தோஷமா அதையே அனுப்பியிருப்பார். ஆபீசர் பாக்கறது முந்தின ஆறு மாசம் என்ன நடந்துச்சுன்னு. மாசா மாசம் பென்ஷன் ஏறுது, கரன்ட் பில், மளிகை, சீட்டுப் பணம் போகுது, மிச்சம் நிக்குது, அப்படி ஓடற ஸ்டேட்மென்ட்ல ஒரு லட்சம் இருந்தாலும் அது நம்பும்படி இருக்கும், திடீர்னு விழுந்த எட்டு லட்சத்தைப் பாத்தாத்தான் யாரோட பணம்னு சந்தேகம் வரும். மகன் குடுத்ததுன்னா மகன் குடுத்ததுன்னே எழுதுங்க, அவரோட சம்பளச் சான்றும் ஒரு கடிதமும் வைங்க. பென்ஷன் ஆர்டர் காப்பி, எஃப்டி ரசீது, வருமான வரி ரிட்டர்ன் போடறவங்கன்னா அது, நிலத்துக்குப் பட்டா சிட்டா, வீட்டு வரி ரசீது. ஒரு விஷயம், பட்டா சிட்டா எல்லாம் தமிழ்ல இருக்கும், அதை அப்படியே ஸ்கேன் பண்ணி ஏத்தினா பிரயோஜனம் இல்ல. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரோட உறுதிமொழியும் வேணும், அதுவும் வீட்டு ஆளுங்க மொழிபெயர்த்தா ஏத்துக்க மாட்டாங்க, பையன் இங்கிலீஷ்ல புலின்னாலும் சரி. நிலம்தான் உங்களை இங்க கட்டி வச்சிருக்கற பெரிய விஷயம், அது ஆபீசருக்குப் புரியாத எழுத்துல கிடந்திருந்தா என்ன பண்றது.

பொண்ணு அங்க இருக்கறது குத்தமான்னு கேட்டீங்க. குத்தம் இல்ல, ஆனா தராசுல ஒரு பக்கம் அது உக்காந்திருக்கு, இன்னொரு பக்கம் என்ன வச்சீங்கங்கறதுதான் கேள்வி. மகன், மருமகள், அவங்க பிள்ளைங்க தஞ்சாவூர்ல இருக்காங்கன்னு போன தடவை எங்கயாவது எழுதினாரா அந்தக் கன்சல்டன்சிக்காரர்? குடும்ப விவர ஃபார்ம்ல பேர் மட்டும் போட்டு விட்டிருப்பார். இந்த தடவை கவரிங் லெட்டர்ல அதைச் சொல்லுங்க. அடுத்து, ஆறு மாசம்னு எதுக்குப் போட்டீங்க? எல்லாரும் போடறாங்கன்னுதானே. ரெண்டு ஏக்கர்ல சாகுபடி பாக்கற மனுஷன் ஆறு மாசம் ஊர்ல இல்லன்னா நிலத்தை யாரு பாத்துக்கறாங்கன்னு கேள்வி வராதா. குறுவை அறுவடை முடிஞ்சு கிளம்பறோம், இந்த தேதிக்குத் திரும்பி வர்றோம், அதுவரைக்கும் மகன் பாத்துக்கறான்னு எழுதினா அது உங்க வாழ்க்கை மாதிரி இருக்கும். அதை எந்த ஏஜென்ட்டும் தன்னால எழுதித் தர மாட்டார்.

பேரனைப் பாத்துக்கத்தான் போறோம்னு எழுதலாமா, அது வேலைன்னு ஆயிடுமான்னு பல பேர் பயப்படறாங்க. கனடாவுல அந்த பயம் தேவையில்ல. அம்மா வந்து பொண்ணுக்குக் குழந்தை வளக்கறதுல சம்பளம் இல்லாம ஒத்தாசை பண்றது வேலைக் கணக்குல சேராதுன்னு அவங்க வழிகாட்டுதல்லயே உதாரணமா சொல்லியிருக்காங்க. ஆனாலும் "குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்ல, அதனால வர்றோம், அவ வேலைக்குப் போகணும்"னு எழுதினா, ஆறு மாசத்துக்கு அப்புறம் குழந்தையை யார் பாத்துப்பாங்க, இவங்க எப்படித் திரும்பிப் போவாங்கன்னுதான் படிக்கறவருக்குத் தோணும். பேரனைப் பாக்கறோம், ஒரு வயசு நிறைவு கொண்டாடறோம், கொஞ்ச நாள் கூட இருக்கோம். உண்மையும் அதானே.

இப்ப பொண்ணுக்கு பிஆர் வந்தது உங்களுக்கு ஒரு புதுக் கதவு. சூப்பர் விசான்னு ஒண்ணு இருக்கு, 2011 டிசம்பர்ல ஆரம்பிச்சது, பிஆர் இல்ல சிட்டிசனா இருக்கறவங்களோட அப்பா அம்மா, தாத்தா பாட்டிக்கு மட்டும். போன வருஷம் பொண்ணு வொர்க் பர்மிட்ல இருந்திருந்தா இதுக்கு வழியே இருந்திருக்காது. இதுல 2022 ஜூலையிலேர்ந்து ஒரு தடவை உள்ள போனா அஞ்சு வருஷம் வரைக்கும் தங்கலாம். பொண்ணு வீட்டு வருமானம் அவங்க குடும்ப எண்ணிக்கைக்குத் தகுந்த குறைந்தபட்ச அளவைத் தாண்டணும், அந்த எண்ணிக்கையில உங்க ரெண்டு பேரையும் சேத்துத்தான் கணக்கு. குறைஞ்சது ஒரு லட்சம் கனடியன் டாலருக்கு ஒரு வருஷ மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கணும், அவங்க அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட மெடிக்கல் டெஸ்ட் பண்ணணும். வயசானவங்களுக்கு அந்த இன்சூரன்ஸ் பிரீமியம் சும்மா இல்ல, விசா கிடைக்கலன்னா திருப்பித் தருவாங்களான்னு கேட்டுட்டு வாங்கச் சொல்லுங்க. பணம் போதாதுன்னு ஒரு தடவை அடி வாங்கினவங்களுக்கு சூப்பர் விசா நல்லதுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா செலவு பாரம் முறைப்படி பொண்ணு தோளுக்குப் போயிடுது. ஆனா அதுவும் தற்காலிக விசாதான், திரும்பி வருவீங்கன்னு காட்டற வேலை அதுலயும் இருக்கு. மூணு மாசம் போயிட்டு வந்தா போதும்னா சாதாரண விசிட்டர் விசாவே போதும், ஃபைலை ஒழுங்காப் போடுங்க.

கோர்ட்டுக்குப் போகலாமான்னு பொண்ணு கேட்டாலும் கேப்பா. கனடாவுக்கு வெளிய எடுத்த முடிவுக்கு 60 நாளுக்குள்ள ஃபெடரல் கோர்ட்ல மனு போடலாம், ஜெயிச்சாலும் கோர்ட் விசா குடுக்காது, வேற ஆபீசர் திரும்பப் பாருன்னுதான் அனுப்பும். வக்கீல் செலவுக்கு நீங்க பத்து தடவை புதுசா அப்ளை பண்ணிடலாம். விட்டுடுங்க.

கேள்வி: பழைய பாஸ்போர்ட் முடிஞ்சு புது பாஸ்போர்ட் வாங்கிட்டேன், கல்யாணத்துக்கு அப்புறம் பேருக்குப் பின்னாடி கணவர் பேரும் சேந்துடுச்சு. 2018ல ஆஸ்திரேலியாவுக்கு ரிஜெக்ட் ஆனது யு.கே. விசா போடும்போது தெரியவா போகுது?
ஈரோடு வாசகி

பதில்: தெரியும். பேர் மாறும், நம்பர் மாறும், விரல் ரேகை மாறுமா? அமெரிக்கா, யு.கே., கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அஞ்சு பேரும் குடியேற்றத் தகவலைத் தங்களுக்குள்ள பகிர்ந்துக்கற ஏற்பாடு வச்சிருக்காங்க. யு.கே. ஃபார்ம்ல "யு.கே.வோ வேற எந்த நாடோ, எப்பவாவது விசா மறுத்திருக்காங்களா"ன்னே கேக்கறாங்க. எப்பவாவதுன்னா எப்பவாவதுதான், கல்யாணத்துக்கு முன்னாடியும் சேத்துத்தான். கனடா ஃபார்ம்லயும் எந்த நாடுன்னாலும் சொல்லணும். அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 ஃபார்ம்ல மட்டும் அமெரிக்க விசா மறுப்பைத்தான் கேக்கறாங்க, அங்க ஆஸ்திரேலியா கதையை நீங்களா போய்ச் சொல்ல வேண்டியதில்ல. கேள்வியை முழுசாப் படிச்சு, கேட்டதுக்கு உண்மையான பதில், அவ்வளவுதான். எந்த வருஷம், எந்த விசா, என்ன காரணம் சொன்னாங்க, இப்ப என்ன மாறியிருக்கு, நாலு வரி போதும். 2018ல மறுத்ததுக்காக இன்னிக்கு யு.கே. மறுக்க மாட்டாங்க. 2018ல மறுக்கவே இல்லன்னு எழுதினீங்கன்னா அதுக்காக மறுப்பாங்க, பத்து வருஷத் தடையும் விழலாம்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். பையன், பொண்ணு ரெண்டு பேரும் அமெரிக்காவில். சென்னையில் ஜெமினி மேம்பாலம் பக்கத்துல இருக்கிற கான்சுலேட்டில் இன்டர்வியூ. ஒரு சூட்கேஸ் நிறைய டாக்குமென்ட் கொண்டு போனோம், ஒரு பேப்பரைக் கூட அந்த அம்மா பார்க்கல. மூணு கேள்வி, ரெண்டு நிமிஷம், 214(பி)ன்னு ஒரு தாளை நீட்டிட்டாங்க. இது நியாயமா? இன்னொரு விஷயம், 2009ல நியூ ஜெர்சியில் இருக்கிற என் அண்ணன் எனக்கு கிரீன் கார்டு பெட்டிஷன் போட்டதா ஞாபகம், அதை நாங்களே மறந்துட்டோம், ஃபார்மில் இல்லைன்னு போட்டுட்டோம். அதுதான் காரணமா?
மதுரை வாசகர்

பதில்: நியாயமான்னு கேட்டா என்ன சொல்றது சார், சட்டமே அப்படி எழுதியிருக்கு. 1952ஆம் வருஷ குடியேற்றச் சட்டத்துல 214(பி) பிரிவு என்ன சொல்லுதுன்னா விசிட்டர் விசா கேட்டு வர்ற ஒவ்வொருத்தரும் அங்கயே குடியேற வந்தவர்தான்னு முதல்ல எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்கறது வர்றவங்க பொறுப்பு. நம்ம ஊர்ல குற்றம் நிரூபிக்கற வரைக்கும் நிரபராதி, அங்க ஜன்னல் முன்னாடி அதுக்கு நேர் தலைகீழ். அதனால சூட்கேஸ் உதவாது. ஆபீசர் உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியே டிஎஸ்-160 ஃபார்மைப் படிச்சிட்டாங்க, அதுல இருக்கற பதிலும் நீங்க வாயால சொல்றதும் ஒத்துப் போகுதா, அங்கயே தங்கிடற ஆளா தெரியுதான்னுதான் அந்த ரெண்டு நிமிஷம்.

உங்க கேஸ்ல சிக்கல் வெளிப்படையாவே தெரியுது. ரெண்டு பிள்ளைங்களும் அங்க. ரெண்டு பேரும் ரிடையர்டு. "எதுக்குப் போறீங்க"ன்னு கேட்டிருப்பாங்க, "பசங்களோட இருக்கலாம்னு"ன்னு சொல்லியிருப்பீங்க, எதார்த்தமாத்தான் சொல்லியிருப்பீங்க, ஆனா "இருக்கலாம்னு"ங்கற வார்த்தை அவங்க காதுல எப்படி விழும்னு யோசிச்சுப் பாருங்க. பொண்ணு புது வீடு வாங்கியிருக்கா, கிரகப்பிரவேசம், போயிட்டு ரெண்டு மாசத்துல வந்துடுவோம், வந்து எங்க டியூஷன் பசங்களுக்குப் பரீட்சை இருக்கு, அப்படி ஏதாவது ஒரு போக்கு வரத்து இருக்கணும் பதில்ல. இல்லாததைச் சொல்லச் சொல்லல, இருக்கறதைச் சொல்லுங்க. பென்ஷன் எவ்வளவு, வீட்டு வாடகை வருதா, ஊர்ல உங்களை நம்பி வயசான அம்மா இருக்காங்களா, ஏற்கெனவே சிங்கப்பூர் மலேசியா போயிட்டு ஒழுங்காத் திரும்பியிருக்கீங்களா. இங்கிலீஷ்ல தடுமாறினா தமிழ்லயே பேசுங்க, சென்னையில தமிழ்ல இன்டர்வியூ எடுப்பாங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. இங்கிலீஷ் வாத்தியாரா இருந்துட்டு எப்படித் தமிழ்ல பேசறதுன்னு நினைச்சீங்கன்னா அது வேற.

பெட்டிஷன் விஷயம்தான் முக்கியம். அது காரணமா இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், 214(பி) தாள்ல அதெல்லாம் எழுத மாட்டாங்க. ஆனா அண்ணன் தம்பி கேட்டகரியில இந்தியாவுக்கு வரிசை அவ்வளவு நீளம், 2009ல போட்டது இன்னும் நகர்ந்துட்டேதான் இருக்கும், அது அவங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கும். ஃபார்ம்ல "உங்களுக்காக யாராவது இமிகிரன்ட் பெட்டிஷன் போட்டிருக்காங்களா"ன்னு தனிக் கேள்வியே இருக்கு. அடுத்த தடவை ஆமான்னு போடுங்க. அண்ணன்கிட்ட ரசீது நோட்டீஸ் இருக்கான்னு கேட்டு வருஷத்தைச் சரியாப் போடுங்க. போன தடவை ஏன் இல்லன்னு போட்டேன்னு கேட்டா, மறந்துட்டேன், அப்புறம் அண்ணன்கிட்ட கேட்டுத்தான் உறுதியாச்சுன்னு நேரா சொல்லிடுங்க. மறதிக்கும் வேணும்னே பொய் சொன்னதுக்கும் சட்டத்துல வித்தியாசம் இருக்கு. வேணும்னே பொய் சொல்லி விசா வாங்கப் பாத்தார்னு 212(ஏ)(6)(சி) பிரிவுல போட்டுட்டாங்கன்னா அது ஆயுசுக்கும் நிக்கும், விலக்கு வாங்கித்தான் உள்ள போகணும். ரெண்டாவது தடவையும் இல்லன்னே போட்டா மறதின்னு யாரும் நம்ப மாட்டாங்க. பெட்டிஷன் இருந்தா விசிட்டர் விசா கிடைக்கவே கிடைக்காதுன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, கஷ்டம் கூடும், கதவு மூடாது.

அப்பீல் கிடையாது, காத்திருப்புக் காலமும் கிடையாது. ஆனா ஏதாவது ஒண்ணு மாறாம உடனே போய் நிக்காதீங்க, ரெண்டு பேருக்கும் சேத்து 370 டாலர்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்தில அரசாங்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். 2010ல ஸ்டூடன்ட் விசாவில லண்டன் போக அப்ளை பண்ணி ரிஜெக்ட் ஆகிட்டுது. அப்ப எல்லாம் செய்தது ஏஜென்சிக்காரர்தான், பாங்க் கடிதத்தில ஏதோ பிழை எண்டு சொன்னவர், ரிஜெக்ட் பண்ணின கடிதம் இப்ப என்னட்ட இல்லை. வாற ஆவணியில அண்ணாவின்ர மகளுக்கு லண்டனில கலியாணம். அண்ணா அகதியாப் போனவர், இப்ப பிரிட்டிஷ் சிட்டிசன், டிக்கெட் செலவு எல்லாம் தான்தான் பாக்கிறன் எண்டுறார். பழசைச் சொல்லத்தான் வேணுமோ? அண்ணா அகதியாப் போனது எனக்கு இடைஞ்சலா வருமோ?
யாழ்ப்பாணம் வாசகி

பதில்: சொல்லத்தான் வேணும் டீச்சர். மேல ஈரோடு வாசகிக்குச் சொன்னதேதான்.

ஆனா உங்க கேஸ்ல "பாங்க் கடிதத்தில ஏதோ பிழை"ங்கறதுதான் எனக்கு இடிக்குது. பிழைன்னா ரெண்டு விதமா இருக்கலாம். காசு போதுமான நாள் அக்கவுன்ட்ல நிக்கல, கடிதத்துல தேதி சரியில்லன்னு சாதாரணமா மறுத்திருக்கலாம், அப்படின்னா அது பழங்கதை. இல்லன்னா அந்தக் கடிதமே போலின்னு கண்டுபிடிச்சு, ஏமாத்தினார்னு எழுதி பத்து வருஷத் தடை போட்டிருக்கலாம், ஏஜென்சிக்காரர் அதை உங்ககிட்ட பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாம். தடையே இருந்திருந்தாலும் 2010லேர்ந்து கணக்குப் போட்டா அது முடிஞ்சு போச்சு, அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். கவலை என்னன்னா, ஃபார்ம்ல நீங்க ஒரு காரணம் எழுதி அவங்க ரெக்கார்டுல வேற காரணம் இருந்தா இப்ப புதுசாப் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதனால யு.கே. விசாவைப் பாக்கற ஹோம் ஆபீஸ்கிட்ட உங்களைப் பத்தி வச்சிருக்கற பழைய பதிவை எழுதிக் கேளுங்க, அதுக்குக் கட்டணம் இல்ல, நீங்க அதிகாரம் குடுத்தா அண்ணா அங்கிருந்தே கேக்கலாம். கலியாணத் தேதிக்கு நிறைய முன்னாடியே இதை ஆரம்பிச்சிடுங்க. அது வந்து சேர நாளாகி நீங்க அப்ளை பண்ண வேண்டி வந்தா, "2010ல ஏஜென்ட் மூலமா போட்டது, கடிதம் கையில இல்ல, பாங்க் கடிதம் சம்பந்தமான காரணம்னு எனக்குச் சொல்லப்பட்டது"ன்னு தெரிஞ்சதைத் தெரிஞ்ச அளவுக்கு எழுதுங்க.

அண்ணா அகதியாப் போனது சட்டப்படி உங்களுக்குத் தடை இல்ல. யு.கே.வுல இருக்கற உறவைக் கேக்கற இடத்துல அவர் பேரைப் போட்டுடுங்க, அழைப்புக் கடிதத்துல அவரே "இந்த வருஷம் வந்தேன், இந்த வருஷம் குடியுரிமை வாங்கினேன்"னு எழுதட்டும். செலவை அவர் ஏத்துக்கறதும் விதிப்படி சரி, அவரோட சம்பளச் சீட்டு, பாங்க் கூற்று வச்சா போதும். ஆனா எல்லாச் செலவும் அண்ணா, எல்லாப் பேப்பரும் அண்ணான்னு ஃபைல் முழுக்க அவராவே இருந்துட்டா உங்களைக் காணோமே. யு.கே. ஆபீசர் பாக்கறது உண்மையான விசிட்டரா, முடிச்சுட்டுக் கிளம்பிடுவாரான்னுதான், அதுக்கு லண்டன் பேப்பர் எதுவும் பதில் சொல்லாது. அரசாங்க டீச்சர்ங்கறது உங்க கையில இருக்கற பெரிய துருப்பு. வெளிநாட்டு லீவு அனுமதி வலயக் கல்வி அலுவலகம் மூலமா வாங்கி, எந்தத் தேதிக்கு வேலைக்குத் திரும்பணும்னு அதுல தெளிவா வர்ற மாதிரி பாத்துக்குங்க. சம்பள விவரம், கணவர் பிள்ளைங்க அங்கயே இருக்காங்கன்னா அதுக்குச் சான்று, காணி உறுதி. பிறப்புச் சான்றிதழ்களை சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்ட இங்கிலீஷ்ல மாத்துங்க, நீங்களும் அண்ணாவும் கூடப்பிறந்தவங்கன்னு ரெண்டு பேர் சான்றிதழும் சேந்துதான் காட்டும். கலியாண மண்டபம் புக் பண்ணின ரசீது ஒண்ணு வைங்க. ரெண்டு மூணு வாரம் போதும்னு கேளுங்க, ஆறு மாசம்னு போட்டு லீவு கடிதத்துல 20 நாள்னு இருந்தா அங்கயே முடிஞ்சது.

மறுத்தா சாதாரணமா அப்பீல் இல்ல. புதுசாத்தான் போடணும்.

கேள்வி: பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் சித்தி வீடு. ஃபிரான்ஸ் விசா மறுத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்து விசா சுலபம், அதை வாங்கிக்கொண்டு ரயிலில் பாரிஸ் போய்விடு என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
புதுச்சேரி வாசகர்

பதில்: நண்பர் கூட வர்றாரா? ஃபிரான்ஸ், சுவிட்சர்லாந்து மாதிரி ஒரே விசாவுல போற ஐரோப்பிய நாடுகளுக்கு, அதான் ஷெங்கன் நாடுகளுக்கு, பொதுவா ஒரு விசா கம்ப்யூட்டர் இருக்கு, ஃபிரான்ஸ் மறுத்தது அதுல அஞ்சு வருஷம் கிடக்கும், சுவிஸ்காரர் உங்க ரேகையைப் போட்டதும் திரையில வந்துடும். எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டுலதான் அப்ளை பண்ணணும்ங்கறது விதி. சூரிக் ஓட்டலை புக் பண்ணிட்டு பாரிஸ்ல சித்தி வீட்டுல சாப்பிட்டுட்டு இருந்தா விசாவையே ரத்து பண்ண முடியும்.

அதை விட, ஃபிரான்ஸ் ஏன் மறுத்துச்சுன்னு பாருங்க. குடுத்த தாள்ல வரிசையா கட்டம் போட்டு ஒண்ணு ரெண்டுல டிக் அடிச்சிருப்பாங்க. நம்ம புதுச்சேரி ஆட்கள் நிறைய பேர் மாட்டறது தங்கற இடத்துல. சொந்தக்காரர் வீட்டுல தங்கறதா இருந்தா அவங்க ஊர் மேரியில, அதான் நகராட்சி ஆபீஸ்ல, சித்தி நேர்ல போய் அத்தஸ்தாசியோன் தாக்கேய்ங்கற வரவேற்புச் சான்று வாங்கி அனுப்பணும். அதுக்கு அலையணுமேன்னு ஓட்டல் புக்கிங் காட்டிட்டு, கவரிங் லெட்டர்ல சித்தியைப் பாக்கப் போறேன்னு எழுதினா ரெண்டும் முட்டிக்கும். சித்திகிட்ட சொல்லி அந்தச் சான்றை வாங்குங்க, திரும்ப ஃபிரான்சுக்கே போடுங்க. மறுப்புக் கடிதம் வந்து 30 நாள் ஆகலன்னா நாந்த் நகரத்துல இருக்கற விசா பிரிவுக்கு மேல்முறையீடு எழுதலாம், ஆனா கேட்ட பேப்பரே இல்லாம போட்டிருந்தீங்கன்னா மேல்முறையீட்டுல என்ன சொல்லப் போறீங்க, புதுசாப் போடறதுதான் வேகம்.

கேள்வி: முதல் தடவை கனடா விசிட்டர் விசா பணம் பத்தாதுன்னு ரிஜெக்ட் ஆச்சு. ரெண்டாவது தடவை ஏஜென்ட் "நான் பாத்துக்கறேன்"னாரு. இப்ப மெயில் வந்திருக்கு, குடுத்த பேங்க் ஸ்டேட்மென்ட் உண்மையானது இல்லன்னு தோணுது, விளக்கம் குடுன்னு. பாத்தா என் அக்கவுன்ட்ல 22 லட்சம் இருக்கறதா காட்டியிருக்காரு, இருக்கறது ரெண்டரை லட்சம் சார். ஏஜென்ட்டைக் கேட்டா, அப்ளிகேஷனை வித்ட்ரா பண்ணிடலாம், கண்டுக்காதங்கறாரு. பயமா இருக்கு.
திருப்பூர் வாசகர்

பதில்: தம்பி, இந்த இதழ் உங்க கைக்கு வர்றதுக்குள்ள அந்த மெயில்ல இருக்கற கெடு முடிஞ்சிடக் கூடாதுன்னுதான் ஏற்கெனவே உங்களுக்குத் தனியா பதில் அனுப்பியிருக்கேன், மத்தவங்களுக்காக இங்கயும். அது சாதாரண மெயில் இல்ல, தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி உங்க பக்கத்தைக் கேக்கற கடைசிக் கடிதம். பதில் போடலன்னா தப்பான தகவல் குடுத்தார்னு முடிவு பண்ணி அஞ்சு வருஷம் தடை போடுவாங்க. முன்னாடி ரெண்டு வருஷமா இருந்ததை 2014 நவம்பர்லேர்ந்து அஞ்சாக்கிட்டாங்க. வித்ட்ரா பண்றேன்னு கேட்டாலும் அதை ஒத்துக்கணும்னு அவங்களுக்குக் கட்டாயம் ஒண்ணும் இல்ல.

ஏஜென்ட் பண்ணினது எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொன்னா பெரும்பாலும் எடுபடாது, உங்க பேர்ல போன ஃபைலுக்கு நீங்கதான் பொறுப்புன்னு அங்க கோர்ட்டுகளும் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு வருது. அதனால பேங்க் கிளைக்குப் போய் சீல் வச்ச உண்மையான ஸ்டேட்மென்ட் வாங்குங்க. ஏஜென்ட்டோட நடந்த வாட்ஸ்அப் பேச்சு, பணம் குடுத்த ரசீது எல்லாம் எடுத்து வைங்க, அழிச்சிடாதீங்க. போலீஸ்ல புகார் குடுத்து அந்த ரசீதையும் சேருங்க. நடந்ததை நடந்தபடி எழுதி கெடு தேதிக்குள்ள அனுப்புங்க. இந்தப் பதிலை நீங்களே எழுதறதை விட கனடாவுல லைசன்ஸ் உள்ள ஆளை வச்சு எழுதறது நல்லது. காசு வாங்கிட்டு விசா வேலை பாக்க அங்கத்த வக்கீலுக்கும், அவங்க இமிகிரேஷன் கன்சல்டன்ட் கழகத்துல பதிவான ஆளுக்கும், கியூபெக் மாகாண நோட்டரிக்கும்தான் அனுமதி. பதிவான ஆளான்னு அந்தக் கழகத்து வெப்சைட்லயே பேரைப் போட்டுத் தேடலாம். உங்க திருப்பூர் ஏஜென்ட் பிரதிநிதி ஃபார்ம்ல தன் பேரைப் போட்டாரான்னு பாருங்க, போட்டிருக்க மாட்டார், நீங்களே அப்ளை பண்ணின மாதிரி காட்டியிருப்பார். அப்படி ஒளிஞ்சுக்கற ஆள்கிட்ட இனிமே ஒரு கையெழுத்துக் கூடப் போடாதீங்க.

ரெண்டரை லட்சம் வச்சுட்டு ஒரு மாசம் போயிட்டு வர்றவர் உண்மையைக் காட்டிக் கேட்டிருந்தா, கூப்பிடறவங்க செலவை ஏத்துக்கறதா இருந்தா, யோசிக்க இடம் இருந்திருக்கும். 22 லட்சம்னு காட்டினதுக்கு அப்புறம் அந்த இடமும் போச்சு.

கேள்வி: ரிஜெக்ட் ஆனா ஃபீஸ் திரும்ப வருமா? விஎஃப்எஸ் விசா சென்டர் பிரீமியம் லவுஞ்ச்ல பணம் கட்டினா சான்ஸ் கூடுமா?
சேலம் வாசகர்

பதில்: ரெண்டுக்கும் இல்ல. அமெரிக்கா 185 டாலர், ஷெங்கன் 90 யூரோ, யு.கே. ஆறு மாச விசா 2025 ஏப்ரல்ல 127 பவுண்டாச்சு, கனடா 100 டாலரும் பயோமெட்ரிக், அதான் விரல் ரேகையும் போட்டோவும் எடுக்கறதுக்கு, 85ம், எல்லாம் ஃபைலைப் பாக்கறதுக்கான கூலி, விசாவோட விலை இல்ல. கனடா பயோமெட்ரிக் மட்டும் பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபடி போடும்போது அந்த 85ஐத் திரும்பக் கட்டாதீங்க, தெரியாம கட்டறவங்க இருக்காங்க. விஎஃப்எஸ் பேப்பரும் ரேகையும் வாங்கி அனுப்பற இடம், முடிவு எடுக்கறது அவங்க இல்ல, லவுஞ்ச்ல ஏசியும் காபியும் கிடைக்கும். விசா கையில வர்றதுக்கு முன்னாடி ஃபிளைட் டிக்கெட்டும் வாங்கி வைக்காதீங்க, யு.கே., கனடா ரெண்டுமே அதைக் கேக்கறதில்ல.